ராணுவ ஏலத்தில் வந்த பழைய டீசல் பிக்கப்பின் நெடுஞ்சாலை வேகத்தைக் கூட்டுவது எப்படி? இராமநாதபுரம் கடற்கரை உரிமையாளர்களுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட டீசல் வண்டிகள் பல கைமாறி, தொண்டி முதல் இராமேசுவரம் வரை இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. ஜீப் அடிச்சட்டத்தின் மேல் பின்தொட்டி கட்டிய பிக்கப்புகளும், ஜபல்பூரில் பெட்ரோல் எஞ்சினோடு உருவாகிப் பின்னாளில் டீசல் எஞ்சினுக்கு மாற்றப்பட்ட ஜோங்கா என்னும் ராணுவ ஜீப்புகளும் அவற்றில் அடக்கம். மணலில் புதையாமல் கரைவரை இறங்கி மீன் பெட்டிகளை ஏற்றிக்கொள்ளும் இந்த வண்டிகள், மதுரைச் சாலையில் ஏறியதும் அறுபதைத் தாண்ட மறுத்து அலறுகின்றன என்பதுதான் உரிமையாளர்களின் பொதுவான குறை. அந்தக் குறையைச் சரியான வரிசையில், வண்டிக்கும் ஓட்டுநருக்கும் கேடின்றித் தீர்ப்பதற்கான விடைகள் இங்கே உள்ளன.

வண்டி அறுபது, அறுபத்தைந்துக்கு மேல் போகும்போது எஞ்சின் ஏன் இப்படி அலறுகிறது?

ராணுவம் இந்த வண்டியிடம் எதிர்பார்த்தது நெடுஞ்சாலை வேகத்தை அல்ல. முழுச் சுமையோடு சேற்றிலும் மணலிலும் மேட்டிலும் நிற்காமல் ஏறவேண்டும் என்பதற்காகவே பின் அச்சின் கிரவுன்-பினியன் (சுழற்சியைக் குறைத்துச் சக்கரங்களுக்குக் கொடுக்கும் பல்சக்கர ஜோடி) விகிதம் மிக உயர்வாக வைக்கப்பட்டது. பழைய ஜீப்புகளில் பரவலாகக் காணப்படும் 5.38 விகிதத்தில், சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள், கியர் பெட்டியிலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றியாகவேண்டும். நான்கு கியர் பெட்டியில் டாப் கியர் நேரடி இணைப்பு என்பதால், ஷாஃப்ட் சுற்றும் அளவுக்கு எஞ்சினும் சுற்றுகிறது. டீசல் எஞ்சினின் உச்சச் சுழற்சியை டீசல் பம்புக்குள் இருக்கும் கவர்னர் என்னும் வேகக் கட்டுப்படுத்தி மட்டுப்படுத்துகிறது. அந்த எல்லை நெருங்கியபின் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் கூடாது. ஆகவே உங்கள் வண்டியின் வேகத்தைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துவது எஞ்சினின் பலக்குறைவு அன்று, பல்சக்கரக் கணக்குதான்.

எந்த வேகத்தை இலக்காக வைத்துக்கொள்ளலாம்?

எண்பதை. ஒன்றிய அரசு 2018 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சரக்கு வாகனங்களுக்கு நடுத்தடுப்புள்ள நான்கு வழிச் சாலையில் மணிக்கு 80 கி.மீ., மற்றச் சாலைகளில் 60 கி.மீ. உச்ச வரம்பாகும். மதுரையிலிருந்து பரமக்குடி வரை தேசிய நெடுஞ்சாலை 87 நான்கு வழியாக இருக்கிறது. பரமக்குடிக்கும் இராமநாதபுரத்துக்கும் இடைப்பட்ட 46.7 கி.மீ. பகுதியை நான்கு வழியாக்க ஒன்றிய அமைச்சரவை 2025 ஜூலையில்தான் ஒப்புதல் அளித்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ ஆடுமாடுகளும் குறுக்குத் தெருக்களும் எங்கும் உண்டு. நூறு கி.மீ. வேகத்தை நோக்கி இந்த வண்டியை மாற்றுவது சட்டத்துக்கும் பொருந்தாது, முப்பது ஆண்டுக்கு முந்தைய அடிச்சட்டத்துக்கும் பொருந்தாது. எஞ்சின் திணறாமல், பேசுவது காதில் விழும்படி, எண்பதில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட முடிந்தால் அதுவே முழு வெற்றி.

எண்பதில் ஓட இந்த எஞ்சினின் குதிரைத்திறன் போதுமா?

போதும் என்பதைக் கணக்கே காட்டிவிடும். சுமையோடு 2500 கிலோ எடையும், மூன்று சதுர மீட்டர் எதிர்முகப் பரப்பும், 0.6 என்ற காற்றிழுவைக் குணகமும் உடைய சதுரமுக வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். காற்றில்லாத நாளில் சமதளத்தில் எண்பதில் செல்ல, காற்றுத் தடையை வெல்ல ஏறத்தாழ 15 குதிரைத்திறனும், டயரின் உருளும் தடையை வெல்ல 11 குதிரைத்திறனும், ஆக 26 குதிரைத்திறன் சக்கரத்தில் வேண்டும். அறுபது குதிரைத்திறன் எஞ்சின் ஒழுங்கான நிலையில் இருந்தால் இதை எளிதாகத் தரும். வேகம் நூறானால் இதே தேவை 44 குதிரைத்திறனாக உயர்கிறது; காற்றுத் தடைக்குச் செலவாகும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதே காரணம்.

நம் பகுதியில் இந்தக் கணக்கோடு கச்சானையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவ மாதங்களில் இராமேசுவரத்திலிருந்து மேற்கு நோக்கிச் சுமையோடு புறப்படும் வண்டிக்குக் கச்சான் காற்று எதிர்முகமாக வீசுகிறது. மணிக்கு 30 கி.மீ. எதிர்காற்று அடித்தால், எண்பதில் ஓடும் வண்டிக்குக் காற்றுத் தடை மட்டும் 15-லிருந்து 29 குதிரைத்திறனாகிவிடும். அதனால்தான் வாடை வீசும் மார்கழியில் எண்பதைத் தொட்ட அதே வண்டி ஆடியில் எழுபதிலேயே முக்குகிறது. இதை எஞ்சின் கோளாறு என்று எண்ணிப் பம்பைப் பிரிப்பவர்கள் உண்டு. அது வீண் செலவு. தொட்டியின் மேல் எழும்பி நிற்கும் இரும்புக் கூண்டைக் கழற்றி, சுமையைக் கேபின் உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்கி, தார்ப்பாயை விசிறாமல் இறுகக் கட்டினால் கிடைக்கும் பலன் செலவே இல்லாதது.

மாற்றங்களைத் தொடங்குமுன் வண்டியில் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

வண்டி பிறந்தபோது இருந்த வேகத்தை முதலில் மீட்டெடுக்க வேண்டும். பல வண்டிகளில் குறைந்திருப்பது அதுவே. ஆக்சிலரேட்டரை ஒருவர் தரையோடு அழுத்தியிருக்க, மற்றொருவர் பம்பின் நெம்புகோல் கடைசித் தடுப்புவரை போகிறதா என்று பார்க்கவேண்டும். கம்பி நீண்டுபோய் அது முக்கால் தூரத்தில் நின்றுவிடுவது மிகச் சாதாரணமான குறை. அடுத்து டீசல் ஃபில்டர்கள், ஏர் ஃபில்டர், டேப்பெட் (வால்வு) இடைவெளி, பம்ப் டைமிங், நாசில் (டீசல் தெளிப்பான்) அழுத்தம் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பார்க்கலாம். கடலோர ஈரத்தில் பாதி காலியான டாங்கின் உள்சுவரில் நீர் கோத்துத் துரு உதிர்வதால், ஃபில்டர் அடிக்கடி அடைத்தால் ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டிராமல் டாங்கை இறக்கிக் கழுவவேண்டும்.

பிறகு வண்டி தாராளமாக உருளுகிறதா என்று பாருங்கள். இருபது கி.மீ. ஓட்டி, பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியையும் கையை மெல்ல அருகில் கொண்டுபோய் உணருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே லைனிங் உரசுகிறது, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. முன் சக்கரங்களில் திருகி விடுவிக்கும் ஹப் இருந்தால் தார்ச்சாலையில் அதை விடுவித்தே ஓட்டவேண்டும். முன் அச்சின் பல்சக்கரங்களும் ஷாஃப்டும் வீணாகச் சுற்றுவது நிற்கும். நான்கு சக்கர இயக்கத்தைத் தார்ச்சாலையில் போடவே கூடாது.

என் வண்டியின் அச்சு விகிதத்தையும் எஞ்சின் சுழற்சியையும் நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், எதையும் பிரிக்க வேண்டியதில்லை. சமதளத்தில் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். ஜீப் வகைகளில் ஹேண்ட் பிரேக் புரொப்பல்லர் ஷாஃப்டையே பிடிக்கும் என்பதால் இது கட்டாயம். பின் சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கியில் உயர்த்தித் தாங்கி வைத்து, அந்தச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அதற்குள் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுவே விகிதம். ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டால் கால் சுற்று வரை துல்லியமாகத் தெரியும். ஐந்துக்குச் சற்றுக் குறைந்தால் அது 4.88 ஆகவும், ஐந்தரைக்குச் சற்றுக் குறைந்தால் 5.38 ஆகவும் இருக்க வாய்ப்பு அதிகம்.

டயரின் சுற்றளவை, சுமையேற்றிய வண்டியை ஒரு சுற்று உருட்டித் தரையில் அளந்துகொள்ளுங்கள். 6.00-16 டயருக்கு அது ஏறத்தாழ 2.2 மீட்டரும், 7.50-16 டயருக்கு 2.45 மீட்டரும் வரும். எண்பது கி.மீ. வேகம் என்பது நிமிடத்துக்கு 1333 மீட்டர். அதைச் சுற்றளவால் வகுத்து, அச்சு விகிதத்தால் பெருக்கினால் டாப் கியரில் எஞ்சின் சுழற்சி கிடைக்கும். 6.00-16 டயரில் 5.38 விகிதம் என்றால் எண்பதில் எஞ்சின் நிமிடத்துக்கு 3260 சுற்று, 4.88 என்றால் 2960, 4.27 என்றால் 2590, 3.73 என்றால் 2260. பல பழைய டீசல் எஞ்சின்கள் நாள் முழுதும் தளராமல் ஓடக்கூடியது 2300 முதல் 2700 வரையான பகுதியில்தான். உங்கள் எண்ணை இந்தப் பகுதிக்குள் கொண்டுவருவதுதான் செய்யவேண்டிய வேலை முழுவதும்.

டயரைப் பெரிதாக்கினால் போதாதா?

ஓரளவு போதும். 6.00-16-லிருந்து 7.50-16-க்கு மாறினால் எஞ்சின் சுழற்சி பத்து விழுக்காடு குறையும், 4.88 விகித வண்டியில் எண்பதுக்கு 2960 என்பது 2660 ஆகிவிடும். ஆனால் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மை வேகம் 89 ஆக இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்துப் பார்த்து, டயர் பட்டை ஸ்பிரிங்கிலோ மட்கார்டிலோ உரசவில்லை என்று உறுதிசெய்யவும் வேண்டும்.

அளவைவிட வகை முக்கியம் என்பது என் கருத்து. ராணுவ வண்டியோடு வரும் கட்டைப்பல் நைலான் டயர்கள் சேற்றுக்கானவை. தாரில் அவை சூடேறி, இரைந்து, வண்டியையும் அலைக்கழிக்கும். அவற்றுக்குப் பதில் நெடுஞ்சாலைப் பல்லமைப்புள்ள ரேடியல் டயர்களைப் போட்டால் உருளும் தடை கண்கூடாகக் குறையும். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரான வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். பல் புதிதாக இருந்தாலும் பல ஆண்டுகள் வெயிலில் கிடந்த டயரோடு எண்பதில் ஓடுவது உயிரோடு விளையாடுவது.

கிரவுன்-பினியனை மாற்றுவதா, ஐந்து கியர் பெட்டி போடுவதா?

இதற்கு விடை, உங்கள் வண்டி எங்கே சுமை ஏற்றுகிறது என்பதில் இருக்கிறது. வண்டி கடல் மணலில் இறங்காமல் துறைமுகத் தளத்திலேயே ஏற்றி நேரே மதுரைக்குப் போவதாக இருந்தால், கிரவுன்-பினியனை 4.27-க்கோ 3.73-க்கோ மாற்றுவது எளிமையானது, உறுதியானது. நம் நிலம் தட்டையானது. பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தைத் தவிர மதுரை வரை சொல்லத்தக்க மேடே இல்லை என்பதால், எண் குறைந்த இந்த நீண்ட விகிதம் இங்கே மலைநாட்டைவிட நன்றாகப் பொருந்தும். ஆனாலும் எஞ்சின் அறுபது குதிரைத்திறனை ஒட்டியது என்றால் 4.27-ஓடு நின்றுகொள்வது நல்லது. 3.73 வைத்த வண்டி கச்சான் காலத்தில் முழுச் சுமையோடு டாப் கியரைத் தாங்காமல் மூன்றாவது கியருக்கே அடிக்கடி இறங்கும். அப்போது மாற்றத்தின் பயனே போய்விடும்.

மணலில் இறங்கும் வண்டிக்கு இது ஏற்றதன்று. விகிதத்தைக் குறைத்தால் எல்லாக் கியர்களின் இழுவையும் சேர்ந்தே குறையும். ஐஸ் பெட்டி நிறைந்த வண்டி ஈர மணலில் கிளம்பும் இடத்தில்தான் அந்தக் குறை கிளட்ச் பிளேட்டைத் தின்னும். அத்தகைய வண்டிக்குப் பழைய அச்சை அப்படியே விட்டு, ஐந்தாவது கியர் ஓவர்டிரைவாக (எஞ்சினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும்படி) உள்ள பெட்டியைப் பொருத்துவதே முறை. ஐந்தாவது கியர் 0.8 என்றால், 5.38 அச்சிலும் எண்பதுக்கு எஞ்சின் 3260-க்குப் பதில் 2610 சுற்றில் ஓடும். முதல் கியரின் இழுவையும் பெரும்பாலும் கையை விட்டுப் போகாது. செலவு கூடுதல், எஞ்சினோடு பெட்டியை இணைக்கும் பெல் ஹவுசிங்கும் ஷாஃப்ட் நீளமும் லேத் பட்டறையில் மாற்றப்பட வேண்டும் என்பது உண்மைதான். ஆயினும் கரையும் சாலையும் இரண்டும் வேண்டும் என்பவருக்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

கிரவுன்-பினியன் மாற்றும்போது சில இடங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதத்தில் இருக்கவேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு மணலில் நான்கு சக்கரத்தையும் இணைத்தால் ஏதோ ஒரு பல் உடையும். கிரவுனும் பினியனும் ஒன்றாக உரசிச் செதுக்கப்பட்ட ஜோடியாக இருக்கவேண்டும். ஒன்று ஒரு வண்டியிலிருந்தும் மற்றது வேறு வண்டியிலிருந்தும் வந்தால் ஊளைச் சத்தம் ஒருநாளும் போகாது. பற்களில் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்துப் பதிவு பல்லின் நடுவில் விழுகிறதா என்று பாராமல் மூடிவிடும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். புதிய ஜோடியை முதலில் சிறு சிறு ஓட்டங்களாக, இடையிடையே ஆறவிட்டு ஓட்டி, ஆயிரம் கி.மீ. முடிந்ததும் ஆயிலை மாற்றவேண்டும். மீன் வண்டிக்காரர்களுக்கு இவ்வேலைக்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம். வண்டி பட்டறையில் நிற்பதால் வருமானம் அதிகம் கெடாது.

அமெரிக்க ராணுவ பிக்கப்புகளுக்குச் சொல்லப்படும் யோசனைகள் நம் வண்டிக்குப் பொருந்துமா?

அடிப்படை பொருந்தும், உதிரிபாகங்கள் பொருந்தா. 1980-களில் செவர்லே அமெரிக்க ராணுவத்துக்குச் செய்துகொடுத்த எம் 1008 பிக்கப்பில் 6.2 லிட்டர் வி-8 டீசல் எஞ்சினும், மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியும், 4.56 அச்சு விகிதமும் இருந்தன. மணிக்கு 90 கி.மீ. தாண்டினால் அதுவும் அலறும். அதே எஞ்சினும் அதே வகைப் பெட்டியும் கொண்ட அதன் உடன்பிறப்பான எம் 1009 வண்டியில் அச்சு விகிதம் 3.08, டயர் உயரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் அது மூன்றில் ஒரு பங்கு குறைந்த சுழற்சியில் ஓடியது. வேகத்தைத் தீர்மானிப்பது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அங்குள்ளவர்கள் 3.73 அச்சுக்கு மாறுவதும், ஓவர்டிரைவ் உள்ள நான்கு கியர் பெட்டி பொருத்துவதும் இக்காரணத்தால்தான். ஆனால் 135 குதிரைத்திறன் எஞ்சினுக்குச் சரியான விகிதத்தை அதில் பாதியுள்ள எஞ்சினுக்கு அப்படியே எடுத்துவைக்கக் கூடாது.

பம்ப் ஸ்க்ரூவைத் திருகினால், அல்லது டர்போ வைத்தால் வேகம் வராதா?

கவர்னரின் முத்திரையை உடைத்து உச்சச் சுழற்சியைக் கூட்டுவதை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். அந்த எல்லை வால்வு ஸ்பிரிங்கும் கனெக்டிங் ராடும் தாங்கும் அளவைப் பார்த்து வைக்கப்பட்டது. டீசல் அளவைக் கூட்டும் ஸ்க்ரூவைத் திருகினால் கரும்புகையும் வெளியேற்ற வெப்பமும் கூடும். பிஸ்டன் தலை கருகும் வழி அது. டர்போ எதிர்காற்றிலும் சுமையிலும் உண்மையாகவே உதவும், ஆனால் பல்சக்கரக் கணக்கு திருத்தப்படாத வண்டியில் அது உச்ச வேகத்தைக் கூட்டாது. விகிதத்தைத் திருத்தியபின்னும் பலம் போதவில்லை என்றால் மட்டும், வெளியேற்ற வெப்பமானியோடும் புதிய ரேடியேட்டரோடும் சேர்த்து அதை எண்ணிப்பார்க்கலாம்.

எண்பதில் ஓட பிரேக்கும் ஸ்டியரிங்கும் என்ன நிலையில் இருக்கவேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதாக இருந்தால் இதைக் கடைப்பிடியுங்கள். அறுபதிலிருந்து எண்பதுக்கு வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் பிரேக் தின்றுதீர்க்க வேண்டிய ஆற்றல் 1.78 மடங்காகிறது. வேகத்துக்கான வேலைக்கு முன்பே பிரேக் வேலை முடிந்திருக்கவேண்டும். மிகப் பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று அமைப்பாக இருக்கும். ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். முன்பின் சக்கரங்களைப் பிரித்துக் காக்கும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரை முதல் செலவாக வையுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. கடலோரத்தில் ஆண்டுக்கொரு முறை அதை மாற்றுவது மிகையன்று. டிரம்முக்குள் கடல்நீர் புகுந்த வண்டியின் வீல் சிலிண்டர்களைப் பிரித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது.

முன் சக்கரங்களைத் திருப்பும் பாகங்களான கிங்பின், டை ராட் எண்ட், ஸ்டியரிங் பாக்ஸ் மூன்றிலும் ஆட்டம் இருந்தால், பாம்பன் பாலத்தின் மேல் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது வண்டி தடம் மாறும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தரை அதிர்ந்தால் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் (மூட்டு) தேய்ந்திருக்கலாம், அல்லது ஷாஃப்ட் சமநிலை தப்பியிருக்கலாம். நெடுஞ்சாலை வேகத்தில் அது கழன்று விழுந்தால் வண்டியைக் கவிழ்த்துவிடும்.

கடல் உப்பு இதில் எப்படிக் குறுக்கிடுகிறது?

மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்பு நீர் தொட்டியின் ஓட்டைகள் வழியே நேரே அடிச்சட்டத்தின் மேல்தான் விழுகிறது. பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் கொக்கிகள், பிரேக் குழாய்கள், ஸ்டியரிங் பாக்ஸ் பூட்டிய இடம் ஆகிய மூன்றும் முதலில் அரிக்கும். மூன்றும் வேகத்தில் உயிர் காப்பவை. சுத்தியலால் தட்டும்போது கணீரென்று ஒலிக்காமல் மந்தமாகக் கேட்டால் அங்கே உலோகம் மெலிந்துவிட்டது. அப்படிப்பட்ட சட்டத்தை வெட்டிச் சரியான தகடு வைத்துப் பற்றவைக்கும்வரை வேகத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். தொட்டிக்கு ஒரு வடிகால் குழாய் வைத்து நீரைச் சட்டத்துக்கு அப்பால் விழச்செய்வதும், கரையிலிருந்து வந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவதும் போதிய பாதுகாப்பைத் தரும். ரேடியேட்டரின் செதில்களையும் உப்பு தின்றுவிடும். விரலால் தொட்டால் உதிரும் செதில்களோடு சித்திரை வெயிலில் எண்பதில் ஓடினால் எஞ்சின் கொதிப்பது உறுதி.

இந்த மாற்றங்களுக்கு அனுமதி வேண்டுமா?

தேய்ந்ததற்குப் பதில் அதே வகைப் பாகத்தைப் போடுவதற்கு வேண்டாம். ஆனால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடை செய்கிறது. எஞ்சின் மாற்றம் இதில் நேரடியாக அடங்கும். எனவே எஞ்சினையோ அடிச்சட்டத்தையோ தொடும் வேலைக்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள்; விபத்துக்குப்பின் இழப்பீடு கேட்கும்போது இந்தத் தாள்கள்தான் பேசும். ராணுவ ஏலத்தின் ஒப்படைப்புச் சான்றில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று வண்டியை வாங்கும் முன்பே பார்க்கவேண்டும். பாதுகாப்புத் துறையைச் சாராத வண்டி ராணுவப் பச்சை நிறத்தில் ஓடக்கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்வதால், பட்டறையில் நிற்கும்போதே வேறு நிறம் அடித்துவிடுவது நல்லது.